பழைய பிக்கப்பை இரண்டு அங்குலம் உயர்த்துவது எப்படி

என்னுடையது 1984 மாடல் டொயோட்டா ஹைலக்ஸ். ஃபோர் வீல் டிரைவ். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், முன்பக்கமும் இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை ஒரே ஹவுசிங்காகப் போகும் ஆக்ஸில். இதே அமைப்புள்ள எந்தப் பழைய பிக்கப்புக்கும் கீழே சொல்வது பொருந்தும். முன்பக்கம் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) வைத்த வண்டி என்றால் பின்பக்க வேலையை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் அதற்கு முற்றிலும் வேறு.

லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் பாகங்களின் தொகுப்பு) போடப்போகிறேன் என்றதும் மச்சான் கேட்டான்: "எதுக்கு மாமா?"

"கீழ இடிக்குதுடா."

"எது இடிக்குது?"

"டிஃபரன்ஷியல் குண்டு."

"அப்ப டயரை மாத்துங்க. ஸ்பிரிங்கை மாத்தினா குண்டு எப்படி மேல போகும்?"

அவன் கேட்டது சரி. குண்டு என்பது ஆக்ஸிலின் நடுவே பல்சக்கரங்கள் இருக்கும் உருண்டைப் பகுதி. கிட் வாங்கும் முன் எல்லாரும் இதை ஒரு தடவை யோசிக்க வேண்டும். ஸ்பிரிங் ஆக்ஸிலுக்கு மேலே இருக்கிறது. அதை உயர்த்தினால் சேஸ்ஸும் பாடியும் மேலே போகும்; ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். குண்டுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கூட்டுவது டயர் மட்டும்தான், அதுவும் பாதி அளவுக்கு. என் வண்டியில் இருந்தது 225/75 ஆர் 15. அதன் விட்டம் சுமார் 718 மில்லிமீட்டர். நான் போட நினைத்த 31 அங்குல டயர் 787. வித்தியாசம் 69, அதில் பாதி 34 மில்லிமீட்டர். குண்டு உயரப்போவது அவ்வளவுதான். ஆனால் அந்த டயரை மாட்டினால் குழியில் இறங்கும்போது மட்காடில் உரசும். அந்த இடத்தை உண்டாக்கத்தான் லிஃப்ட். கூடவே வயிற்றுப் பகுதியும் பம்பர் முனையும் கொஞ்சம் மேலே போகும், அது லாபம்.

இந்தக் கணக்கு புரிந்தால் நான்கு அங்குலம், ஆறு அங்குலம் என்று ஆசை வளராது. இரண்டு அங்குலம் வரை வண்டி பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது. அதற்கு மேல் ஸ்டியரிங், புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர் பெட்டியின் சுழற்சியை ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் தண்டு), பிரேக் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். உயரம் கூடினால் வளைவில் வண்டி சாய்வதும் கூடும். உங்கள் ஊரில் இப்படி மாற்ற அனுமதி உண்டா, காப்பீடு செல்லுமா என்று வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

எந்த கிட்

பாடி லிஃப்ட் என்பது பாடிக்கும் சேஸ்ஸுக்கும் நடுவே கட்டை வைப்பது. அதைப் பற்றி இங்கே பேசவில்லை. ஸ்பிரிங் பக்கம் நான்கு வழி உண்டு: முழு ஸ்பிரிங்கையே மாற்றுவது, பழைய கட்டில் ஒரு பட்டையைச் சேர்ப்பது, நீளமான ஷாக்கிள் (ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸ்ஸோடு சேர்க்கும், ஆடும் இணைப்பு) போடுவது, ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்புக் கட்டை வைப்பது.

நாற்பது வருடம் ஓடிய வண்டிக்கு என் ஓட்டு முழு ஸ்பிரிங்குக்கே. பழைய பட்டைகள் ஏற்கெனவே தொய்ந்து போயிருக்கும். அதில் இன்னொன்றைச் செருகினால் சேர்த்த பட்டையே சுமை முழுவதையும் தாங்கி, வண்டி கட்டை வண்டி போலத் தூக்கிப்போடும். நீள ஷாக்கிள் மலிவான வழி. ஆனால் ஷாக்கிள் இரண்டு அங்குலம் நீண்டால் வண்டி உயர்வது ஒரு அங்குலம்தான், ஏனென்றால் ஸ்பிரிங்கின் ஒரு முனைதான் இறங்குகிறது. அதோடு ஆக்ஸிலும் கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். பின்பக்கம் கட்டை வைப்பது பரவலாக நடக்கிறது. ஒன்று வைக்கலாம், ஒன்றின்மேல் ஒன்று அடுக்கக் கூடாது. முன் ஆக்ஸிலில் கட்டையே கூடாது. பிரேக் பிடிக்கும்போது முன் ஆக்ஸில் முறுக்கிக்கொண்டு திரும்பப் பார்க்கும். நடுவில் கட்டை இருந்தால் அந்த முறுக்குக்கு நெம்புகோல் கொடுத்த மாதிரி.

கிட்டில் ஸ்பிரிங், புஷ் (ஸ்பிரிங் முனைத் துளைக்குள் உட்காரும் உறை), ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு கட்டும் புதிய யூ போல்ட் ஆகியவை இருக்கிறதா பாருங்கள். யூ போல்ட் இல்லையென்றால் தனியாக வாங்குங்கள். ஒரு தடவை இறுக்கிய யூ போல்ட் நீண்டுபோயிருக்கும், அதைத் திரும்பப் போடவே கூடாது.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போங்கள். ஸ்பிரிங் ஹேங்கர் (ஸ்பிரிங் முனையைத் தாங்கும் இரும்புப் பிடி) சேஸ்ஸோடு சேரும் எட்டு இடங்களையும் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று பதில் சொல்லும். துரு தின்ற இரும்பு 'பொத்' என்று சொல்லும், கூடவே செதில் உதிரும். எனக்குப் பின் வலது ஹேங்கருக்கு மேலே 'பொத்' என்றது. கம்பி பிரஷால் தேய்த்தேன், சுண்டுவிரல் நுழையும் ஓட்டை வந்தது. வேலை அங்கேயே நின்றது. அதை வெட்டி, தகடு வைத்து வெல்டிங் செய்த பிறகுதான் கிட்டின் பெட்டியையே திறந்தேன். அந்த ஓட்டையோடு புது ஸ்பிரிங் போட்டிருந்தால் விறைப்பான ஸ்பிரிங்கின் அடி முழுவதும் அங்கேதான் விழுந்திருக்கும்.

அளந்து எழுதி வையுங்கள்

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு மூலையிலும் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்காடு விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயரில் காற்று கூடக் குறைய இருந்தால் கணக்கு கெட்டுவிடும். எனக்கு முன் இடது 468 மில்லிமீட்டர், முன் வலது 455, பின்பக்கம் 502, 500. வலது முன்பக்கம் 13 மில்லிமீட்டர் தொய்ந்திருந்தது. இத்தனை வருடமாக வண்டி கோணலாகத்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு அளவும் வேண்டும். பின் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம், கியர் பெட்டிப் பக்கத்து ஃபிளாஞ்சின் (ஷாஃப்டைப் போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) கோணம், டிஃபரன்ஷியல் பக்கத்துப் பினியன் ஃபிளாஞ்சின் கோணம். ஆங்கிள் மீட்டர் ஒட்டிவைத்து மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஷாஃப்டின் ஸ்பிளைன் (நீள வரிப்பள்ளம் வெட்டிய, நகரும் முனை) உள்ளே போகும் இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வேலைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினம் சாயங்காலம் எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவாருங்கள். நான் மூன்று நாள்தான் அடித்தேன். அதற்கு அபராதமும் கட்டினேன்.

தூக்குவது

இதில் மட்டும் அவசரமே வேண்டாம். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. சேஸ் கம்பிக்கு அடியில் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து அதன்மேல் வண்டியை இறக்கி உட்காரவையுங்கள். ஆக்ஸிலில் ஸ்டாண்ட் வைத்தால் பயனில்லை, ஆக்ஸில்தான் இறங்க வேண்டும். ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் பம்பரைப் பிடித்துப் பலமாக ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் அடியில் இல்லாதபோதே விழட்டும். கழற்றிய சக்கரத்தை சேஸ்ஸுக்கு அடியில் படுக்கப்போடுங்கள், அது இரண்டாவது காவல்.

ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கிய நிமிடமே அது இருந்தும் இல்லாத மாதிரி. கியரில் போட்டு நிறுத்தியிருக்கிறேனே என்றால், புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றினால் கியரும் பிடிக்காது. தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வீல் நட்டை (என் வண்டிக்கு 21 ஸ்பேனர்) சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்று இளக்கி வையுங்கள்.

முன்பக்கம்

ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். இரண்டு பக்கமும் அவிழ்த்துவிட்டால் ஆக்ஸில் நினைத்த இடத்துக்கு ஓடிவிடும், பிறகு அதைத் தள்ளித் தள்ளிக் கொண்டுவருவதற்குள் நாள் போய்விடும். எதிர்ப்பக்க யூ போல்ட்டைக் கொஞ்சம் இளக்கி மட்டும் விடுங்கள்.

சக்கரத்தைக் கழற்றுங்கள். ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கியைத் தொட்டும் தொடாமலும் வையுங்கள். ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட், ஸ்டெபிலைசர் பார் இருந்தால் அதன் லிங்க், டிராக் லிங்க் (ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு), இவற்றை விடுவியுங்கள். பிரேக் ஹோஸை சேஸ்ஸோடு பிடித்திருக்கும் கிளிப்பையும் எடுங்கள். ஆக்ஸிலை இறக்கும்போது ஒரு கண் அந்த ஹோஸ் மேலேயே இருக்கட்டும். எனக்கு இறக்கத் தொடங்கி ஒரு சாண் வருவதற்குள் அது வீணைத் தந்தி போல விறைத்து நின்றது. இன்னும் ஒரு அங்குலம் இறங்கியிருந்தால் உள்ளே பிய்ந்திருக்கும். வெளியே தெரியாது, பிரேக் மிதிக்கும் ஒரு நாள் தெரியும். நீளமான ஹோஸ் போட வேண்டும் என்று அப்போதே முடிவானது.

யூ போல்ட்டுகள் நான்கு நட்டு. அவை கழன்றால் ஸ்பிரிங் ஆக்ஸிலை விட்டுவிடும். வர மறுத்தால் போராடாதீர்கள், எப்படியும் தூக்கிப்போடத்தானே போகிறோம், வெட்டிவிடுங்கள். பிறகு ஷாக்கிள், அதன்பின் மறுமுனை போல்ட்.

அந்த மறுமுனை போல்ட்டில்தான் எனக்கு அரைநாள் போனது. நட்டு நல்ல பிள்ளையாகக் கழன்றுவிட்டது. போல்ட் தலையைத் திருப்பினால் போல்ட்டும் சுழன்றது, ஆனால் ஒரு மில்லிமீட்டர்கூட வெளியே வரவில்லை. புஷ்ஷுக்கு உள்ளே இருக்கும் இரும்புக் குழாயும் போல்ட்டும் துருவால் ஒன்றாகி, ரப்பரோடு சேர்ந்தே சுழன்றுகொண்டிருந்தது. சுத்தியலால் அடித்தால் ரப்பர் அடியை விழுங்கிக்கொள்கிறது. கடைசியில் ஹேங்கருக்கும் ஸ்பிரிங் கண்ணுக்கும் நடுவே உள்ள சந்தில் ரம்பத் தகட்டைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் அறுத்தேன். மச்சான் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உங்களுக்கும் இது வரும் என்றே வைத்துக்கொண்டு புதிய ஹேங்கர் போல்ட்டுகளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். காஸ் வைத்துச் சூடாக்கப் போனால் ரப்பர் தீப்பிடிக்கும், பக்கத்தில் பிரேக் குழாயும் போகிறது. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

புது ஸ்பிரிங்கை மாட்டும் முன் இடது எது, வலது எது, முன் எது, பின் எது என்று சீட்டைப் படியுங்கள். சில கிட்டில் இடதும் வலதும் வேறு வேறு வளைவில் வரும், ஏனென்றால் வண்டியின் எடை இரண்டு பக்கமும் சமமில்லை. புஷ் பாலியூரித்தேன் என்றால் கிட்டோடு வரும் கிரீஸைத் தாராளமாகத் தடவுங்கள். ரப்பர் புஷ்ஷுக்குச் சாதாரண கிரீஸ் ஆகாது, ரப்பரை அது ஊறவைத்துக் கெடுக்கும்.

நிலையான முனையை முதலில் மாட்டுங்கள், பிறகு ஷாக்கிள். இரண்டு போல்ட்டையும் கையால் திருகி விட்டுவிடுங்கள், ஸ்பேனர் போடாதீர்கள். இது முக்கியம், கீழே மறுபடி வருவேன். இப்போது ஆக்ஸிலை ஜாக்கியால் மெதுவாக ஏற்றுங்கள். ஸ்பிரிங்கின் அடியில், பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் உருண்டைத் தலை நீட்டிக்கொண்டிருக்கும். ஆக்ஸில் மேடையில் அதற்கென்றே ஒரு துளை இருக்கிறது. தலை அந்தத் துளைக்குள் முழுவதும் இறங்க வேண்டும். எனக்கு மூன்று மில்லிமீட்டர் தள்ளி, துளையின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டது. பார்த்தால் சரியாக இருப்பது போலவே தெரியும். விரலை உள்ளே விட்டுத் தடவியபோதுதான் ஒரு பக்கம் சந்து தட்டுப்பட்டது. அப்படியே யூ போல்ட்டை இறுக்கியிருந்தால் சென்டர் போல்ட் நசுங்கி, ஒரு நாள் ஆக்ஸில் பின்னால் நழுவியிருக்கும். ஆக்ஸிலைச் சற்று இறக்கி, கடப்பாரையால் மயிரிழை தள்ளி, மறுபடி ஏற்றினால் 'டப்' என்று உட்காரும். அந்தச் சத்தம் கேட்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

யூ போல்ட் நட்டுகளைக் குறுக்காக, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று நான்கு சுற்றில் இறுக்குங்கள். நான்கிலும் வெளியே தெரியும் மரையின் நீளம் ஒன்றுபோல இருக்க வேண்டும். கடைசிச் சுற்று டார்க் ரெஞ்சில், உங்கள் வண்டியின் மானுவலோ கிட்டின் தாளோ சொல்லும் எண்ணுக்கு. கை பலத்தை நம்பாதீர்கள்.

பிறகு அடுத்த பக்கம். முதல் பக்கம் எனக்கு ஒரு நாள் எடுத்தது, இரண்டாவது பக்கம் இரண்டு மணி நேரம்.

பின்பக்கம்

வேலை அதேதான், கொஞ்சம் சுலபம்கூட. பின் ஸ்பிரிங்கில் சென்டர் போல்ட் சரிபாதியில் இருக்காது, முன்பாதி குட்டையாக இருக்கும். நான் களைப்பில் திருப்பி மாட்டினேன். ஆக்ஸிலை ஏற்றினால் துளையும் தலையும் நான்கு விரல் தள்ளி நிற்கின்றன. கடப்பாரையை எடுத்துத் தள்ளத் தொடங்கிவிட்டேன். மச்சான்தான், "மாமா, அந்தப் பக்கம் பழசு இன்னும் இருக்கு, அதைப் பாருங்க" என்றான். பழைய ஸ்பிரிங் மறுபக்கம் சாட்சியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ஒரு பக்கமாகச் செய்வதில் இப்படியும் ஒரு நன்மை.

பின் ஆக்ஸிலுக்கும் சேஸ்ஸுக்கும் நடுவே மெல்லிய கம்பியோ சிறு ஸ்பிரிங்கோ போகிறதா பாருங்கள். அது பின் பிரேக்கின் சுமை வால்வுக்குப் போவது. பாரம் ஏற்றினால் சேஸ் தாழும், வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். லிஃப்ட் போட்டதும் அது வண்டி எப்போதும் காலியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும், பின் பிரேக் சோம்பிவிடும். ஆக்ஸில் பக்கத்துப் பிராக்கெட்டை எத்தனை அங்குலம் உயர்த்தினீர்களோ அத்தனை அங்குலம் மேலே கொண்டுவர வேண்டும். இதற்கான சிறு தகடு சில கிட்டில் வரும். டிஃபரன்ஷியலின் மூச்சுக்குழாய் நீளம் போதுமா என்றும் பார்த்துவிடுங்கள்.

தரையில் இறக்கிய பிறகு

சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, பம்பரில் ஏறி நின்று பத்துத் தடவை குதியுங்கள். முன்னே பின்னே நான்கு அடி உருட்டுங்கள். இப்போதுதான் ஷாக்கிள் போல்ட்டையும் முனை போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். வருடங்களுக்கு முன்னால் நான் இதே வண்டிக்கு ரப்பர் புஷ் மாற்றியபோது, அந்தரத்தில் தொங்கும்போதே எல்லாவற்றையும் இறுக்கிவிட்டேன். இறுக்கிய நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டியை இறக்கியதும் அது முறுக்கிக்கொண்டது, எந்நேரமும் முறுக்கிலேயே இருந்து நாலே மாதத்தில் கிழிந்தது.

ஹோஸ் மாற்றியிருந்தால் பிரேக்கில் காற்று எடுங்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்கி அருகில் இருப்பதில் முடியுங்கள். சுமை வால்வில் தனியாகத் திருகு இருந்தால் அதிலும் எடுங்கள். பிறகு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், டயரோ ஹோஸோ எங்காவது உரசுகிறதா என்று.

புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு வருவோம். பெயிண்ட் கோடு எவ்வளவு வெளியே வந்திருக்கிறது? ஸ்பிளைன் நன்றாக உள்ளேயே இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் ஒற்றை கிராஸ் (சிலுவை வடிவ மூட்டு) உள்ள ஷாஃப்ட் என்றால் கியர் பெட்டி ஃபிளாஞ்சும் பினியன் ஃபிளாஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு கிராஸ் தரும் தடுமாற்றத்தை மற்றது சரிக்கட்டும். எனக்கு மூன்று டிகிரி விலகியிருந்தது, 60 தாண்டியதும் வண்டியின் தரையிலிருந்து ஒரு ரீங்காரம் வந்தது. ஸ்பிரிங்குக்கும் மேடைக்கும் நடுவே மூன்று டிகிரி ஆப்புத் தகடு வைத்ததும் அடங்கியது. ஆப்பின் தடித்த பக்கம் எந்தப் பக்கம் என்பதை ஊகிக்காதீர்கள், வைத்தபின் அளந்து பாருங்கள்.

முன்பக்கத்தில் ஆக்ஸில் சற்றுத் திரும்பியிருந்தால் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம்) மாறும். வளைவு முடிந்தபின் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராமல் சோம்பும், நேர்சாலையில் வண்டி அலையும். அதற்கும் ஆப்புதான் மருந்து. இரண்டு அங்குல லிஃப்டில் எனக்கு அது தேவைப்படவில்லை. டிராக் லிங்க்கின் நீளத்தை மட்டும் திருகிச் சரிசெய்து ஸ்டியரிங் சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவந்தேன். ஆனால் மேட்டில் ஏறி இறங்கும்போது கையில் ஸ்டியரிங் தானாக வெட்டினால் டிராக் லிங்க் அளவுக்கு மீறிச் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு உயரமான ஸ்டியரிங் ஆர்ம் போட வேண்டும், ஓட்டிப் பழகிக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. வீல் அலைன்மென்ட்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பெரிய டயர் போட்டதால் ஸ்பீடோமீட்டர் இனி குறைத்துச் சொல்லும். என் கணக்கில் அது 60 காட்டும்போது வண்டி 66-ல் போகிறது.

முதல் 100 கிலோமீட்டரில் எல்லா யூ போல்ட்டையும் மறுபடி ரெஞ்ச் வைத்துப் பாருங்கள், 500-ல் இன்னொரு தடவை. பட்டைகள் ஒன்றோடொன்று அழுந்தி உட்கார உட்கார நட்டு இளகும். எனக்கு 100-ல் பதினாறு நட்டில் ஒன்பது கால் சுற்று வரை நகர்ந்தன. 500-ல் இரண்டு.

முதல் நாள் அளந்தபோது முன்பக்கம் 526, 522 வந்தது. கிட்டில் சொன்னதைவிடக் கூடுதலாகத் தூக்கியிருக்கிறது என்று மச்சானுக்கு ஒரே சந்தோஷம். மூன்றாவது வாரம் 517, 514. புது ஸ்பிரிங் இப்படிக் கொஞ்சம் அமரும். அதனால் ஹெட்லைட்டை முதல் நாள் எதிரே வருபவர் கண்ணில் அடிக்காத அளவுக்கு இறக்கிவிட்டு, துல்லியமாகத் திருப்புவதை மூன்றாவது வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.